பழைய கம்ப்யூட்டரில் வீடியோ ஏன் திக்குது? பாகம் வாங்கும் முன் ஒரு கணக்கு

2012-ல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப்பை எடுத்துக்குங்க. வாங்கின புதுசுல அதில் 1080பி யூடியூப் வீடியோ வழுக்கிக்கிட்டு ஓடுச்சு. இன்னைக்கும் அதே மெஷின்தான், அதே மானிட்டர்தான், வீடியோவும் அதே 1080பிதான். ஆனா இப்போ திக்கித் திக்கி ஓடுது. பேச்சு முன்னாடி போகுது, படம் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது.

"பழசாயிடுச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சிலிக்கான் சிப் செருப்பு மாதிரி தேயாது. அன்றைக்கு ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, தூசியும் சூடும் தடுக்காத வரை இன்றைக்கும் அத்தனை கணக்கைப் போடும். மாறியது வேறு ஒன்று. அது என்னன்னு தெரிஞ்சுக்காம கடைக்குப் போனா, தேவையில்லாத கிராபிக்ஸ் கார்டு ஒன்று கைக்கு வரும். இல்லேன்னா நல்லா இருக்கிற மெஷினையே தூக்கிப் போடச் சொல்லுவாங்க. இரண்டுமே வீட்டுச் செலவில் இடிக்கிற விஷயம். அதனால் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

முதலில், எந்தத் திக்கல்?

எல்லாத்துக்கும் நாம் "வீடியோ ஸ்டக் ஆகுது" என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்றோம். ஆனால் அதற்குள் நான்கு தனித்தனி நோய்கள் இருக்கு. மருந்தும் தனித்தனி.

ஒன்று, திரை நடுவில் வட்டம் சுத்துறது. படமும் சத்தமும் சேர்ந்தே நிற்கும். இது இன்டர்நெட் கோளாறு. யூடியூப் 1080பி-க்குப் பரிந்துரைக்கும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட்தான். அதற்குமேல் வேகம் இருந்தும் வட்டம் சுத்துதுன்னா, பெரும்பாலும் ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள வைஃபைதான் காரணமா இருக்கும். ஒரு லேன் கேபிளைச் செருகிப் பாருங்க. முடிஞ்சா இதோடு முடிஞ்சது.

இரண்டு, சத்தம் ஒழுங்கா வருது, படம் மட்டும் தாவித் தாவிப் போகுது. இதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். மெஷினால் படத்தை உரிய நேரத்துக்குள் தயார் பண்ண முடியலைன்னு அர்த்தம்.

மூன்று, மௌஸ் அம்பும் சேர்ந்து உறையுது, கேபினெட்டில் இருக்கிற ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரியுது. இது வீடியோ பிரச்சினையே இல்லை. ரேம் போதாமல் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்திக்கிட்டு இருக்கு.

நான்கு, எல்லாம் சரியா ஓடுது. ஆனா கேமரா பக்கவாட்டில் மெதுவா நகர்ற காட்சியில் மட்டும் ஒரு மெல்லிய நடுக்கம். எவ்வளவு விலை உயர்ந்த மெஷின் வாங்கினாலும் இது தானாகப் போகாது. ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

முதல் இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கு. வீடியோவை பாஸ் பண்ணிட்டு, சிவப்புக் கோட்டுக்கு முன்னால் சாம்பல் கோடு நல்லா நீளும் வரை காத்திருங்க. அப்புறம் ஓட்டுங்க. சாம்பல் கோடு முன்னாடி இருக்கும்போதே படம் திக்கினால் இன்டர்நெட்டைக் குற்றம் சொல்ல முடியாது. கோளாறு மெஷினுக்குள்ளதான் இருக்கு.

ஒரு நொடி வீடியோ எவ்வளவு பெருசு?

1080பி என்றால் 1920 × 1080, அதாவது ஏறக்குறைய 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஒரு ஃபிரேமுக்கு 62 லட்சம் பைட் ஆச்சு. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 187 மெகாபைட். ஒரு மணி நேரப் படத்துக்கு 670 ஜிபி-க்கு மேல்!

ஆனால் இணையத்தில் நமக்கு வந்து சேர்வது நொடிக்கு அரை மெகாபைட்டுக்குப் பக்கம்தான். மிச்சம் எங்கே போச்சு? அனுப்பவே இல்லை. ஒரு செய்தி வாசிப்பாளரை நினைச்சுப் பாருங்க. பின்னாடி இருக்கிற சுவர் அப்படியேதான் இருக்கு. அசையறது உதடும் கண்ணும் மட்டும். அதனால் முழுப் படத்தை எப்போதாவது ஒருமுறை அனுப்பிவிட்டு, நடுவில் வரும் ஃபிரேம்களுக்கு மாற்றக் குறிப்பை மட்டும் அனுப்புவாங்க. "போன ஃபிரேமில் இந்த இடத்தில் இருந்த கட்டத்தை எடுத்து, 3 புள்ளி வலதுபக்கம் தள்ளி ஒட்டு, வித்தியாசத்தை மட்டும் இப்படித் திருத்து" என்பதுபோல ஆயிரக்கணக்கான குறிப்புகள். இந்தக் குறிப்பு மொழிக்குத்தான் கோடெக் என்று பேர். குறிப்பைப் படித்து மறுபடி முழுப் படத்தைக் கட்டி எழுப்பும் வேலை டிகோடிங்.

மழைக் காட்சியும், மைதானம் முழுக்கக் கூட்டம் ஆடும் காட்சியும் அதிகமாகத் திக்குவது இதனால்தான். அங்கே எல்லாமே மாறுது, குறிப்பும் நிறைய.

இந்த வேலைக்குக் கெடு உண்டு. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு படத்தைக் கட்ட 33 மில்லிசெகண்ட். 60 ஃபிரேம் என்றால் 16.7 மில்லிசெகண்ட் மட்டும். சராசரியாக நல்ல வேகம் இருந்து பயனில்லை. பத்து ஃபிரேமை வேகமா முடிச்சிட்டு, பதினோராவதுக்கு 50 மில்லிசெகண்ட் எடுத்தால், முன்கூட்டிக் கட்டி வைத்த கையிருப்பு தீர்ந்ததும் கண்ணுக்கு ஒரு தாவல் தெரியும். அந்த ஃபிரேமை பிளேயர் கீழே போட்டுவிட்டு அடுத்ததுக்கு ஓடும்.

கைமுறுக்கும் முறுக்கு அச்சும்

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். 2012-ல் ஓடினது இன்னைக்கு ஏன் ஓடலை?

அன்றைக்கு இணைய வீடியோவின் பொது மொழி எச்.264. 2003-ல் வெளியான தரம் அது. பிறகு 2013-ல் எச்.265 என்கிற எச்இவிசி வந்தது. அதே வருஷம் கூகுளின் விபி9. 2018-ல் ஏவி1. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த பிட்டில் அதே தரத்தைத் தருது. எச்இவிசி உருவாக்கினப்ப வைத்த இலக்கே எச்.264-ல் பாதி அளவு என்பதுதான்.

அளவு சும்மா குறையாது. குறிப்பு சிக்கலாகுது. எச்.264 படத்தை 16 × 16 கட்டங்களாகப் பிரிக்கும். எச்இவிசியும் விபி9-ம் 64 × 64 வரை பெரிய கட்டம் எடுத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உடைத்து உடைத்துப் போகும். ஏவி1-ல் அது 128 × 128. ஒட்டுப்போட்ட விளிம்பு தெரியாமல் மெழுகுவதற்கு வடிகட்டிகளும் கூடிக்கிட்டே போகுது. அனுப்புகிறவருக்கு டேட்டா மிச்சம், மொபைல் டேட்டாவில் பார்ப்பவருக்கும் மிச்சம். அந்த மிச்சத்துக்கான உழைப்பு முழுக்க நம்ம வீட்டு மெஷின் தலையில் விழுது.

இதைச் செய்ய கம்ப்யூட்டருக்கு இரண்டு வழி. ஒன்று, சிபியூவே மென்பொருள் மூலம் கணக்குப் போடுறது. இன்னொன்று, கிராபிக்ஸ் பகுதிக்குள் இதற்கென்றே செதுக்கி வைத்த தனிச் சுற்று.

கைமுறுக்கு சுத்தும் பாட்டியை நினைச்சுக்குங்க. அந்தக் கை எந்த வடிவத்தையும் சுத்தும். ஆனால் நேரம் ஆகும், கை வலிக்கும். சிபியூ அந்தக் கை. வன்பொருள் டிகோடர் முறுக்கு அச்சு. மாவைப் போட்டு அழுத்தினால் சரசரன்னு விழும், களைப்பே கிடையாது. ஆனால் தேன்குழல் அச்சில் தேன்குழல் மட்டும்தான் வரும். அதே அச்சில் ஓமப்பொடி கேட்டால் வராது.

2012 மெஷினில் இருப்பது எச்.264 அச்சு. யூடியூப் இப்போ கொடுப்பது விபி9 மாவு, இல்லேன்னா ஏவி1 மாவு. அச்சு சும்மா கிடக்குது, பாட்டி வேர்க்க விறுவிறுக்கச் சுத்துறாங்க. அந்த அச்சை டிரைவர் அப்டேட் பண்ணி மாத்த முடியாது. அது சிப்பில் செதுக்கியது.

எந்தச் சிப்பில் எந்த அச்சு?

உங்க சிபியூ பேரில் வரும் முதல் எண்தான் தலைமுறை. ஐ3-2100 என்றால் 2ஆம் தலைமுறை, ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை. இன்டெல் உள்ளமை கிராபிக்ஸுக்கு நிலவரம் இது:

• கோர் 2 டுவோ காலத்து ஜி31, ஜி41 போர்டுகள்: எச்.264-க்கே முழு உதவி கிடையாது.
• 2, 3, 4ஆம் தலைமுறை (2011 முதல் 2013 வரை வந்தவை): எச்.264 நன்றாகச் செய்யும். அதற்கு மேல் இல்லை.
• 5ஆம் தலைமுறை: புதியவற்றுக்கு அரைகுறை உதவி மட்டும்.
• 6ஆம் தலைமுறை (2015): 8 பிட் எச்இவிசி முழுசாக. விபி9 அரைகுறை.
• 7 முதல் 10 வரை: 10 பிட் எச்இவிசி, விபி9 இரண்டும் முழுசாக. ஏவி1 இல்லை.
• 11ஆம் தலைமுறையிலிருந்து: ஏவி1-ம் உண்டு.

6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கிற கோட்டைக் கவனிங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது ஐ5-6500, ஐ5-7500 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆபீஸ் வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. வீடியோவில் தெரியும்.

காசில்லாமல் ஒரு பரிசோதனை

யூடியூபில் ஓடுகிற வீடியோ மேல் ரைட் கிளிக் பண்ணுங்க. பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி வரும். அதில் இரண்டு வரி முக்கியம்.

கோடெக் வரியில் ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264. விபி09 என்றால் விபி9. ஏவி01 என்றால் ஏவி1. அடுத்தது 'டிராப்டு' எண். மொத்தம் எத்தனை ஃபிரேமில் எத்தனை கீழே விழுந்தது என்று காட்டும். வீடியோ தொடங்கும்போது, ஃபுல் ஸ்கிரீன் போகும்போது நாலைந்து விழுவது சகஜம். ஓட ஓட அந்த எண் ஏறிக்கிட்டே இருந்தால் நோய் உறுதி.

கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியூ வளைவைப் பாருங்க. புதிய மெஷின் என்றால் ஜிபியூ பகுதியில் 'வீடியோ டிகோட்' என்றே ஒரு தனி வளைவு இருக்கும். அது மேலே போனால் அச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். டிரைவர் ரொம்பப் பழசாக இருக்கும் மெஷின்களில் அந்தப் பகுதியே தெரியாது. அங்கே சிபியூ வளைவுதான் சாட்சி.

இங்கே ஒரு நுணுக்கம். "சிபியூ 60 சதவீதம்தானே காட்டுது, இன்னும் இடம் இருக்கே" என்று தோணும். அது எல்லாக் கோர்களின் சராசரி. நாலு திரெட் உள்ள சிபியூவில் ஒரு திரெட் முழுக்கத் திணறினாலும் மொத்தத்தில் அது 25 சதவீதம்தான். வளைவு மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி வளைவு வருகிற மாதிரி மாத்திப் பாருங்க. ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கிட்டு நிற்பது தெரியும்.

காசில்லாத வைத்தியம்

எங்க அத்தை வீட்டு மெஷினை உதாரணமா வெச்சுக்கலாம். ஐ3-2100, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 1366 × 768 மானிட்டர். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த கூட்டணி இது. அத்தை பொண்ணு பிளஸ் டூ. கெமிஸ்ட்ரிப் பாடம் முழுக்க வீடியோவில்தான் பார்க்கிறா. எழுதுகிற கையும் சொல்கிற வாயும் ஒத்துப் போகலைன்னா, சமன்பாட்டில் எந்தப் பக்கம் எது போச்சுன்னு புரியாது. கடையில் "இதுக்கு மேல காசு போடாதீங்க, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அத்தைக்கு அந்த வருஷம் அது முடியாத காரியம்.

முதல் வேலை, அந்த மெஷினுக்குத் தெரிந்த மாவைக் கேட்டு வாங்குறது. எச்264இஃபை என்று பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கு. யூடியூபிடம் "எனக்கு விபி9, ஏவி1 தெரியாது" என்று பிரவுசரைச் சொல்ல வைக்கும். யூடியூப் எச்.264 அனுப்பும். சும்மா கிடந்த அச்சு உடனே வேலை செய்ய ஆரம்பிக்கும். இதன் மேம்பட்ட வடிவத்தில் 60 ஃபிரேம் வீடியோவைத் தடுக்கவும் வசதி உண்டு. அப்போ 30 ஃபிரேம் வரும், கெடு இரட்டிப்பாகும்.

இதில் இரண்டு விலை இருக்கு. எச்.264 கொஞ்சம் கூடுதல் டேட்டா தின்னும். யூடியூபில் அது 1080பி வரைதான் கிடைக்கும், 4கே கிடைக்காது. 4கே திரையே இல்லாத வீட்டில் இரண்டாவது ஒரு நஷ்டமே இல்லை.

அடுத்தது, மானிட்டருக்கு ஏத்த அளவு. 1366 × 768 திரையில் 1080பி ஓட்டுவது வீண். 20 லட்சம் புள்ளியைக் கஷ்டப்பட்டுக் கட்டிவிட்டு, அதில் பாதியைத் தூக்கிப் போட்டு 10 லட்சமாகச் சுருக்கிக் காட்டுது. 720பி வைத்தால் வேலை பாதிக்கும் கீழே குறையும். அந்தத் திரையில் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, பிரவுசர் அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இயங்குதான்னு பாருங்க. என்றைக்கோ யாரோ அணைச்சு வெச்சிருப்பாங்க. லேப்டாப் என்றால் பவர் சேவரில் ஓடுதான்னும் பாருங்க.

நான்காவது, மூடியைக் கழட்டித் தூசி தட்டுறது. சிபியூ மேல் இருக்கிற விசிறியின் அடியில் உள்ள அலுமினியப் பட்டைகளுக்குள் பஞ்சு மாதிரி அடைச்சிருக்கும். சூடு தாங்காத சிபியூ தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடி, அப்புறம் திக்க ஆரம்பிச்சா சந்தேகம் இதன்மேல்தான். காய்ந்து போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைச்சிட்டுப் புதுசு தடவினால் நம்ம ஊர் மே மாசத்தையும் தாங்கும்.

டவுன்லோடு பண்ணி வைத்திருக்கிற படங்கள் திக்கினால் விஷயம் கொஞ்சம் வேற. கோப்பின் பேரில் எக்ஸ்265, எச்இவிசி, 10 பிட் என்று இருந்தால் பழைய மெஷினுக்கு அது கைமுறுக்குதான். எம்பிவி மாதிரி எடை குறைந்த பிளேயர் ஓரளவு உதவும். அதில் ஐ விசையை அழுத்தினால் எந்த டிகோடர் ஓடுது, எத்தனை ஃபிரேம் விழுதுன்னு காட்டும். அடிக்கடி பார்க்கிற படம் என்றால் ஹேண்ட்பிரேக்கில் போட்டு எச்.264 ஆக மாத்தி வெச்சுக்கலாம். ராத்திரி முழுக்க ஓடட்டும். மாத்துறதுக்குக் கெடு இல்லை, ஓட்டுறதுக்குத்தான் கெடு.

இனி காசு போடுவதானால்

விலை மாசத்துக்கு மாசம் மாறுது. அதனால் வரிசையை மட்டும் சொல்றேன். இதே வரிசையில் போங்க.

ரேம். 4 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்தாலே மூச்சு முட்டும். எச்61 போர்டுகளில் பொதுவா இரண்டு ஸ்லாட் இருக்கும், ஒன்று காலியாகவே கிடக்கும். இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 போட்டால் இரட்டை லாபம். இடம் 8 ஜிபி ஆகுது. கூடவே இரண்டு சேனலும் இயங்கும். 1333 வேக ரேமில் ஒரு சேனல் நொடிக்குச் சுமார் 10.6 ஜிபி, இரண்டு சேர்ந்தால் 21 ஜிபி. உள்ளமை கிராபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்குது. அதனால் அகலம் கூடுவது வீடியோவுக்கு நேரடி உதவி. வாங்கும்போது டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்க. வெட்டு இருக்கும் இடம் வேற, ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது.

எஸ்எஸ்டி. "எஸ்எஸ்டி போட்டா வீடியோ ஸ்மூத்தா ஓடும்" என்று சொல்வாங்க. இதில் பாதிதான் உண்மை. நொடிக்கு அரை மெகாபைட்டோ இரண்டு மெகாபைட்டோ வரும் வீடியோவைப் படிக்கப் பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளம். டிகோடிங்கில் எஸ்எஸ்டிக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் மூன்றாவது வகை உறைதல் இருக்கு பாருங்க, அதற்கு இது மருந்து. பின்னணியில் விண்டோஸ் அப்டேட் வந்தால் ஹார்ட் டிஸ்க் மெஷின் படுத்துக்கும், எஸ்எஸ்டி மெஷின் படுக்காது. எச்61-ல் சாட்டா வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான், என்றாலும் பரவாயில்லை. அங்கங்கே சிதறிக் கிடப்பதை எடுக்கும் சுறுசுறுப்புதான் நமக்கு வேணும். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

சிபியூ. அதே சாக்கெட்டில் உட்காரும் பெரிய சிபியூ செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஐ3-2100-ல் 2 கோர், 4 திரெட். ஐ5-2400-ல் 4 கோர். ஐ7-3770-ல் 4 கோர், 8 திரெட். இவற்றில் விபி9 அச்சு இல்லைதான். ஆனால் பாட்டிக்குக் கூட இரண்டு கை கிடைக்குது. 1080பி-க்கு அது பெரும்பாலும் போதும். 3ஆம் தலைமுறை சிபியூவைப் பழைய எச்61 போர்டில் போடுவதானால் முதலில் பயாஸ் அப்டேட் செய்யணும். பழைய சிபியூவைக் கழட்டும் முன்னாடியே செஞ்சுடணும், கழட்டின பிறகு செய்ய வழியில்லை. உங்க போர்டின் ஆதரவுப் பட்டியலில் அந்தச் சிபியூ பேர் இருக்கான்னும் பார்த்துக்குங்க.

கிராபிக்ஸ் கார்டு. இங்கேதான் நிறைய பேர் காசை விடுறாங்க. ரிச்சி தெருவானாலும் ஆன்லைனானாலும் கார்டை "2 ஜிபி, 4 ஜிபி" கணக்கில்தான் பேசுவாங்க. வீடியோவுக்கு அந்த ஜிபி ஒரு அளவுகோலே இல்லை. கார்டில் எந்த அச்சு இருக்கு என்பதுதான் கேள்வி. என்விடியா ஜிடி 710-ல் எச்.264 மட்டும்தான். அந்த அச்சு உங்க 2ஆம் தலைமுறை சிப்பிலேயே இருக்கு! ஜிடி 730-ம் அதே கதை. 4 ஜிபி ஜிடி 730 வாங்கிப் போட்டாலும் விபி9 வீடியோவுக்குச் சிபியூதான் சுத்தணும்.

2017-ல் வந்த ஜிடி 1030 வேற ரகம். 10 பிட் எச்இவிசி, விபி9 இரண்டையும் முழுசாச் செய்யும். 30 வாட் அளவில் ஓடும், தனி மின் ஒயர் வேண்டாம், பழைய எஸ்எம்பிஎஸ் போதும். சின்ன கேபினெட்டுக்கான பாதி உயர வடிவமும் உண்டு. ஜிடி 1030-ல் டிடிஆர்4 மெமரி வடிவம் கேமுக்கு மட்டம், வீடியோவுக்குப் பரவாயில்லை. ஆனால் ஏவி1 இதில் கிடையாது. யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1-ஐச் சின்ன அளவுகளுக்கு மட்டும் என்று வைத்தால் எச்டி வீடியோ விபி9-ல் வரும். அதை இந்தக் கார்டு பார்த்துக்கும்.

புது கார்டு என்பதாலேயே எல்லா அச்சும் இருக்கும்னு நம்பவும் முடியாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் மற்ற கார்டுகளுக்கு ஏவி1 உண்டு. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டுக்கும் மட்டும் இல்லை. பேரைச் சொல்லி, அதன் டிகோட் பட்டியலைப் பார்த்துட்டுத்தான் வாங்கணும். பழைய பயாஸ் உள்ள சில போர்டுகளில் புதிய கார்டு போட்டால் திரையே வராமல் போகலாம். "வரலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா"ன்னு முதல்லயே கேட்டுக்குங்க.

அத்தை வீட்டில் கடைசியில் செய்தது எக்ஸ்டென்ஷன், 720பி, தூசி, இன்னொரு 4 ஜிபி ரேம், ஒரு சின்ன எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு வரைக்கும் போகத் தேவையே வரலை. கெமிஸ்ட்ரி சார் கையும் வாயும் ஒத்துப் போச்சு.

எப்போ விட்டுடணும்?

கோர் 2 டுவோ, டிடிஆர்2 ரேம் என்றால் காசு போடாதீங்க. எச்.264 அச்சே இல்லாத மெஷினுக்கு மேலே சொன்ன இலவச வைத்தியமும் பாதிதான் பலிக்கும்.

ரேம், சிபியூ, கார்டு எல்லாத்தையும் கூட்டின தொகை, ஆபீஸ்களில் கழிச்சு விற்கும் 8ஆம் தலைமுறை டெஸ்க்டாப் விலையைத் தொட்டால் அப்பவும் நிறுத்திடுங்க. அதில் விபி9 அச்சு உண்டு. இன்னொரு காரணமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிஞ்சது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்துதான். பழைய மெஷினையே வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டுக்கலாம். பாங்க் வேலை அந்த மெஷினில் நடக்குதுன்னா இதைத் தள்ளிப் போடாதீங்க.

வீடியோ மட்டும்தான் தேவை, டேபிள் மேல் இடமும் இல்லை என்றால் இன்டெல் என்100 சிப் உள்ள குட்டிக் கம்ப்யூட்டரைப் பாருங்க. 2023-ல் வந்த சின்ன சிப்தான், மின் செலவு அளவு 6 வாட். ஆனா ஏவி1 வரை எல்லா அச்சும் அதில் இருக்கு. வீடியோ ஓட்டுறதில் பழைய ஐ7-ஐ ஓரங்கட்டும்.

காசால் தீராத நடுக்கம்

நான்காவது வகை பாக்கி இருக்கு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். மானிட்டர் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்குது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு ஃபிரேமை இரண்டரை தடவை காட்ட முடியாதே! அதனால் ஒன்றை 3 தடவை, அடுத்ததை 2 தடவை, மறுபடி 3, மறுபடி 2 என்று காட்டும். ஒரு படம் 50 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 33 மட்டும். கேமரா ஒரே சீராக நகரும் காட்சியில் இந்த ஏற்றத்தாழ்வைக் கண் பிடிச்சுடும். நம்ம ஊர் டிவிக்காக எடுத்த 25 ஃபிரேம் நிகழ்ச்சிகளில் கணக்கு இன்னும் கோணல்: 2, 2, 3, 2, 3.

'டிராப்டு' எண் பூஜ்யமாக இருந்தும் நடுங்கினால் இதுதான். மெஷின் தன் வேலையை ஒழுங்காகச் செய்யுது, வகுத்தல்தான் மீதி வைக்குது. மானிட்டர் 75 ஹெர்ட்ஸ் தாங்கினால் டிஸ்பிளே அமைப்பில் மாத்திப் பாருங்க, 25 ஃபிரேம் வீடியோ மும்மூன்றாகச் சீராக விழும். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்தால் 24 ஹெர்ட்ஸ் தேர்வு இருக்கான்னு பாருங்க, சினிமாவுக்கு அது கச்சிதம். இரண்டும் இல்லைன்னா பழகிக்க வேண்டியதுதான். வருஷக்கணக்கா அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்.

ஆக, கடைக்குக் கிளம்பும் முன் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கட்டும். சிபியூ பேர், மதர்போர்டு பேர், ரேம் வகை, மானிட்டர் அளவு, 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' காட்டிய கோடெக், விழுந்த ஃபிரேம். இந்த ஆறு வரி இருந்தால் "நாலு ஜிபி கார்டு போட்டுடலாம் சார்" என்று யாராவது சொல்லும்போது, "அதில் விபி9 டிகோட் இருக்கா?" என்று நீங்க திருப்பிக் கேட்கலாம்.